ஸூசெமியாட்டிக்ஸ்: தமிழில் என்ன சொல்வது?

கென்யாவின் அம்போசெலியில் வாழும் வெர்வெட் குரங்குகள் சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு வேறொரு குரல், பாம்புக்கு இன்னொன்று என்று கத்துகின்றன. சேஃபார்த், செனி, மார்லர் என்ற மூன்று ஆய்வாளர்கள் அந்தக் குரல்களைப் பதிவு செய்து, மறைத்து வைத்த ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தார்கள். சிறுத்தைக் குரலுக்கு மரத்தில் ஏறின, கழுகுக் குரலுக்கு அண்ணாந்து பார்த்தன, பாம்புக் குரலுக்குப் பின்னங்கால்களில் எழுந்து நின்று புல்லுக்குள் தேடின. அங்கே சிறுத்தையும் இல்லை, பாம்பும் இல்லை. 1980இல் இது வெளிவந்தது. அப்படியானால் இவை சொற்களா? மனித மொழி எங்கிருந்து வந்தது என்று தேடுகிறவர்கள் இன்னும் இதை விடவில்லை.

விலங்குகள் தமக்குள் எப்படிச் சேதி சொல்லிக்கொள்கின்றன என்று பார்க்கும் இந்த வகை ஆய்வுக்கு 1963லேயே ஸூசெமியாட்டிக்ஸ் என்று பெயர் வைத்தவர் தாமஸ் செபியோக், புடாபெஸ்டில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த மொழியியலாளர். கிரேக்கத்தில் ‘ஸோஒன்’ என்றால் உயிருள்ள பிராணி, ‘செமெயோன்’ என்றால் குறி. நோயின் அடையாளங்களைப் பார்த்துச் சொல்லும் கலைக்கும் கிரேக்க மருத்துவர்கள் இதே வேரைத்தான் பயன்படுத்தினார்கள். நாமும் நோய்க்குறி, அறிகுறி என்றுதானே சொல்கிறோம்! அதனால் குறிகளை ஆராயும் துறையான செமியாட்டிக்ஸுக்குக் குறியியல் என்ற சொல் அச்சாகப் பொருந்துகிறது (ஜோசியக்காரர் ‘குறி’ நினைவுக்கு வந்தால் வரட்டும்).

சிலர் குறியீட்டியல் என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. குறியீடு என்றால் வழக்கத்தால் பொருள் ஏற்றப்பட்டது, புறாவைச் சமாதானம் என்பதுபோல. குரங்கின் குரல் அந்த அளவுக்குப் போகிறதா என்பதே கேள்வியாக இருக்கும்போது, விடையைப் பெயரிலேயே எழுதிவிடக் கூடாது. ‘விலங்கு மொழியியல்’ என்பதில் இந்தத் தவறு இன்னும் பெரிது. மனிதக் குரங்குகளுக்குச் சைகை மொழி கற்றுக்கொடுத்துவிட்டோம் என்றவர்களைச் செபியோக் கடைசிவரை நம்பவில்லை; பயிற்சியாளர் தன்னையறியாமல் காட்டும் சாடையைத்தான் அவை படிக்கின்றன என்பார்.

ஆகவே விலங்குக் குறியியல். ஒரே ஒரு இடறல்: இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படும் தேனீயை நம் ஊரில் யாரும் விலங்கு என்று சொல்வதில்லை. ஆனால் பட்டாம்பூச்சியையும் விலங்கியலில்தானே படித்தோம், அந்தக் கணக்கில் தேனீயும் இதற்குள் வந்துவிடும். உயிர்க் குறியியல் என்று மாற்றினால் செடிகொடியும் சேர்ந்துகொள்ளும். அது வேறு துறை.