சுரப்பி அழிப்பான் அல்ல, இயக்குநீர்க் குலைப்பி

பூச்சிக்கொல்லி பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் 'நாளமில்லாச் சுரப்பி அழிப்பான்' என்று திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். உடலின் ஹார்மோன் வேலையைக் கெடுக்கும் வேதிப்பொருளான என்டோகிரைன் டிஸ்ரப்டருக்கு இது தவறான தமிழ். 'இயக்குநீர்க் குலைப்பி' என்பதே சரி.

ஹார்மோன் என்றால் கிரேக்கத்தில் 'தூண்டி இயக்குவது'. 1905இல் ஆங்கிலேய உடலியல் அறிஞர் ஸ்டார்லிங் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 'இயக்குநீர்' நேர்ச்சொல். டிஸ்ரப்டர் என்ற பெயர் 1991இல், அமெரிக்க அறிவியலாளர் தியோ கோல்போர்ன் அங்குள்ள விஸ்கான்சின் மாநிலத்தில் கூட்டிய அறிவியலாளர் கூட்டத்தில் பிறந்தது.

இந்த வேதிப்பொருள்கள் சுரப்பியை அழிப்பதில்லை. அது அனுப்பும் செய்தியைத்தான் கெடுக்கின்றன. டிடிடியின் ஒரு வடிவம் பெண் இயக்குநீரான ஈஸ்ட்ரோஜன் போல நடித்து, உயிரணுவில் அதன் செய்தியை வாங்கும் ஏற்பியில் உட்காரும். டிடிடி சிதைந்து வரும் டிடிஇ, ஆண் இயக்குநீரின் ஏற்பியை அடைத்துக்கொள்ளும். விருத்தாசலம் பக்கம் மல்லாட்டையில் (நிலக்கடலை) டிக்கா இலைப்புள்ளி நோய்க்கு லிட்டருக்கு 2 கிராம் கலந்து அடிக்கும் மஞ்சள் தூளான பூஞ்சைக்கொல்லி மான்கோசெப், சிதைந்து எத்திலீன் தயோயூரியா என்ற பொருளாகும். தைராய்டு பெராக்சிடேஸ் நொதியை அது தடுப்பதால் தைராய்டு சுரக்கும் இயக்குநீரான தைராக்சின் குறையும். கருவின் முதல் மூன்று மாதம் சிசுவின் மூளை தாயின் தைராக்சினை நம்பித்தான் வளர்கிறது. 2020இல் ஐரோப்பிய ஒன்றியம் மான்கோசெபின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மெய்யாகவே அழித்தது டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லி. விந்தணு உண்டாக்கும் உயிரணுக்களையே அது கொன்றது கலிபோர்னியா ஆலைத் தொழிலாளரிடம் 1977இல் தெரியவந்தது. அதை அழிப்பான் என்னுங்கள், சரி. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், அழிப்பான் என்று படித்தவர் வாந்தியும் மயக்கமும் வருமென்று பார்த்திருப்பார். வராவிட்டால் ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவார். சிலர் சொல்லும் 'தடுப்பான்' பாதிதான்: நடிப்பதும் தடுப்பதும் இரண்டும் அடங்க வேண்டும். நிலைகுலை, சீர்குலை என்று நாம் நாளும் சொல்வதால் 'குலைப்பி' எவருக்கும் விளங்கும். 'நாளமில்லா' பாடப்புத்தகச் சொல். குறிஞ்சிப்பாடி விவசாயிக்கு நாளம் என்றால் இரத்த நாளம்.

இதைவிடப் பெரிய கேடு 'மருந்து' என்ற சொல். பண்ருட்டியானாலும் பாகூரானாலும் கடைப் பலகையில் 'பூச்சி மருந்து'. மருந்துதானே என்று வாளியில் தூளைக் கொட்டிக் கையாலேயே கலக்குகிறார்கள். மான்கோசெப் பொட்டலத்தில் பச்சை முக்கோணம் வேறு! அது உடனே கொல்லும் அளவை மட்டும் வைத்துப் போட்ட நிறம். இயக்குநீர்க் குலைப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. 'நஞ்சு' என்றே எழுதுங்கள். கையுறையும் முகக்கவசமும் போட்டு, காற்று முதுகுப்பக்கம் வர நின்று, குச்சியால் கலக்கச் சொல்லுங்கள். கருவுற்ற பெண்களைக் கலக்கும் இடத்துக்கே அனுப்பாதீர்கள்.