சோபாவில் மட்டும் காணாமல் போகும் பேஸ்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். புதிதாக ஒரு சப்வூஃபர் (பேஸ் எனப்படும் அடித்தொனி ஒலிகளை எழுப்பும் ஸ்பீக்கர் பெட்டி) வாங்கி டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். படத்தில் ஏதாவது வெடித்தால் பின்சுவரை ஒட்டி நிற்பவருக்கு நெஞ்சு அதிர்கிறது. அறையின் நடுவில் சோபாவில் உட்கார்ந்திருக்கும் இவருக்கோ ஒன்றுமே தெரிவதில்லை. வால்யூமைக் கூட்டினால் ஜன்னல்தான் நடுங்குகிறது. பெட்டியில் பழுதா, மாற்றித் தரச் சொல்லலாமா?

மாற்ற வேண்டாம். பெட்டி நன்றாகத்தான் இருக்கும். இந்த அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், சோபா போட்டிருக்கும் இடம்தான் சிக்கல்.

அடிப்படையை வேகமாகக் கடந்துவிடுவோம். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். இதை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம். 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது 34 சென்டிமீட்டர். 40 ஹெர்ட்ஸுக்கு எட்டரை மீட்டர், 20 ஹெர்ட்ஸுக்கு 17 மீட்டர். சப்வூஃபர் எழுப்பும் அலைக்கு வீட்டு அறைக்குள் முழு உடம்பை நீட்டிப் படுக்கக்கூட இடம் கிடையாது. சுவரில் மோதித் திரும்பி, பின்னால் வரும் தன் மீதே விழுகிறது. அதனால் பேஸ் விஷயத்தில் பெட்டியின் விலையைவிட அறையின் நீள அகலத்துக்குத்தான் செல்வாக்கு அதிகம்.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே அரை அலைநீளம் சரியாகப் பொருந்தினால் நிலை அலை, அதாவது நகர்ந்து போகாமல் நின்ற இடத்திலேயே ஆடும் அலை, உருவாகும். 5 மீட்டர் நீளமுள்ள அறையில் இது 34 ஹெர்ட்ஸில் நடக்கும். அடுத்து அதன் மடங்குகளான 69, 103 ஹெர்ட்ஸில். அகலம் 4 மீட்டர் என்றால் அதற்குத் தனியாக 43 ஹெர்ட்ஸ். கூரை 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் 57 ஹெர்ட்ஸ். இவை போக, நான்கு சுவர்களும் சேர்ந்து உண்டாக்கும் கலப்பு அலைகளும் உண்டு. உங்கள் அறையின் அளவை டேப் வைத்து அளந்துவிட்டால், எந்தெந்த அதிர்வெண்களில் தொல்லை வரும் என்று பெட்டியை வாங்குவதற்கு முன்பே காகிதத்தில் எழுதிவிடலாம்.

முதல் நிலை அலையை மனக்கண்ணில் பார்க்க, நீளமான தொட்டியில் தளும்பும் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் நீர் ஏறும்போது மறுமுனையில் இறங்கும். நடுவில் மட்டம் மாறாது. அறைக்குள் காற்றழுத்தமும் இப்படித்தான் ஆடுகிறது. முன்சுவரில் அழுத்தம் கூடும்போது பின்சுவரில் குறைகிறது, அடுத்த நொடித்துணுக்கில் தலைகீழாகிறது. சரியாக நடுவில் அழுத்தம் மாறுவதே இல்லை. இப்படி ஆட்டமே இல்லாத இடத்துக்குக் கணு என்று பெயர். வாசகரின் சோபா அந்தக் கணுவில் இருக்கிறது.

பள்ளியில் மூடிய குழாய்ப் பாடம் நினைவிருப்பவர்கள் இங்கே கையைத் தூக்கலாம். மூடிய முனையில் கணு வரும் என்றுதானே படித்தோம், சுவரில் எப்படி அதிகமாகக் கேட்கும்? பாடம் சரிதான். அது காற்றின் அசைவுக்கான கணு. சுவரை ஒட்டிய காற்று சுவருக்குள் புகுந்து போக முடியாது, எனவே அங்கே அசைவு இல்லை. போக வழியில்லாமல் மாட்டிக்கொண்ட காற்றுதான் அதிகமாக நெருங்கி விரியும். ஆக, அசைவு கணுவாக இருக்கும் இடத்தில் அழுத்தம் எதிர்க்கணு, அதாவது ஆட்டம் உச்சமாக இருக்கும் இடம். நம் செவிப்பறை உணர்வது அழுத்தத்தை. சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டவர்களுக்கு எல்லா நிலை அலைகளும் ஒரே சமயத்தில் உச்சத்தில் கேட்பதற்கும், பேஸ் கொழகொழவென்று இருப்பதற்கும் இதுவே காரணம். நீளவாக்கில் பின்சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி உட்கார்ந்தால் முதல் இரண்டு அலைகளிலும் உச்சமும் இல்லை, பள்ளமும் இல்லை. தொடங்குவதற்கு நல்ல இடம்.

சரி, கேட்பவரின் இடம் புரிந்தது. சப்வூஃபரின் இடம்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதல் நிலை அலைக்கு அறையின் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் கொடுங்கள். முன்சுவரில் 1, நடுவில் 0, பின்சுவரில் −1, இடையில் படிப்படியாக மாறும். சப்வூஃபர் காற்றை நெருக்குகிற கருவி. அழுத்தம் ஏறி இறங்கும் இடத்தில் வைத்தால் அந்த அலையை நன்றாக ஊக்கும். கணுவில் வைத்தால் என்னதான் தள்ளினாலும் அந்த அலை எழாது. ஆக, அது இருக்கும் இடத்தின் எண்தான் அலை எவ்வளவு எழும் என்பதைத் தீர்மானிக்கிறது. எழுந்த அலை உங்களுக்கு எவ்வளவு கேட்கும் என்பதை நீங்கள் இருக்கும் இடத்தின் எண் தீர்மானிக்கிறது. காதுக்கு வந்து சேர்வது இரண்டின் பெருக்கல். சப்வூஃபர் முன்சுவரில், நீங்கள் நடுவில்: 1 × 0, ஒன்றும் கேட்காது. நீங்கள் பின்சுவருக்குப் போனால் 1 × −1, முழுசாகக் கேட்கும். கழித்தல் குறி அலையின் கட்டம் (நெருங்குவதும் விரிவதும் நடக்கும் வரிசை) தலைகீழாகிவிட்டது என்பதைத்தான் சொல்கிறது.

பெருக்கலில் எதை முதலில் எழுதினாலும் விடை ஒன்றே. அப்படியென்றால் சப்வூஃபரும் நீங்களும் இடம் மாறிக்கொண்டாலும் காதில் விழுவது அதேதான்! எந்த நிலை அலைக்கும் இது பொருந்தும், எல்லாம் சேர்ந்து ஒலித்தாலும் பொருந்தும். நடுவில் மேசை, அலமாரி, தூண் எது இருந்தாலும் பொருந்தும். ஜெர்மன் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860இல் ஒலிக்கு இந்தத் தலைகீழ்ச் சமத்துவத்தை எழுதினார். ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு அதை 1870களில் இன்னும் பொதுவான விதியாக்கினார். அவர்கள் யோசித்தது குழாய்களையும் அதிர்வுகளையும் பற்றி. ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்கள் இன்றைக்கு அதே விதியை நம்பித் தரையில் தவழ்கிறார்கள்.

தவழ்வது எப்படி என்றால், சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் வழக்கமாக உட்காரும் இருக்கையிலேயே வையுங்கள். 20 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியையோ, மேலும் கீழும் நடக்கும் ஒரு பேஸ் கிட்டார் துண்டையோ திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். அப்புறம் பெட்டியை வைக்க முடிகிற இடங்களில் எல்லாம் காதைத் தரைக்கு அருகே கொண்டுபோய்க் கேளுங்கள். பெட்டி தரையில்தான் இருக்கப்போகிறது, அதனால் காதும் அந்த உயரத்தில் இருக்க வேண்டும். சுவரோரமாக ஓரடி நகர்ந்தால்கூட ஒரு சுரம் மறைந்து இன்னொன்று ஓங்குவது தெரியும். மூலைக்குப் போனால் எல்லாமே ஓங்கும், ஏனென்றால் மூலையில் எல்லா நிலை அலைகளுக்கும் எண் உச்சம். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். அதிகமாக அதிரும் இடத்தைத் தேர்ந்துவிடுகிறார்கள். எந்தச் சுரமும் துருத்தாமல், எதுவும் விழுந்துபோகாமல் ஒரே சீராகக் கேட்கும் இடத்தைத்தான் தேட வேண்டும். சத்தம் போதவில்லை என்றால் வால்யூமைத் திருப்பிக்கொள்ளலாம், சீரின்மையைத் திருப்பிச் சரிசெய்ய அப்படி ஒரு குமிழ் இல்லை. இடம் கிடைத்ததும் பெட்டியை அங்கே வைத்துவிட்டு இருக்கைக்குத் திரும்புங்கள். தரையில் கேட்டதுதான் இப்போது இருக்கையில் கேட்கும்.

பேஸில் சிறு மேடும் பள்ளமும் ஏன் இவ்வளவு உறுத்துகின்றன என்பதற்குக் காதும் ஒரு காரணம். அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட சம உரப்பு வளைகோடுகள் (ஒரே அளவு சத்தமாகத் தோன்ற ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எத்தனை டெசிபல் வேண்டும் என்று காட்டும் கோடுகள்) இதைக் காட்டின. இன்றைய சர்வதேசத் தரநிலையின்படி, 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் ஒலிக்குச் சமமாகத் தோன்ற 40 ஹெர்ட்ஸில் 80 டெசிபலுக்கு மேல் வேண்டும். அதைவிட முக்கியமானது, குறைந்த அதிர்வெண்களில் அந்தக் கோடுகள் நெருக்கமாக இருப்பது. நடு அதிர்வெண்ணில் 20 டெசிபல் மாற்றம் தரும் உணர்வை 40 ஹெர்ட்ஸில் சுமார் 13 டெசிபலே தந்துவிடும். கருவி காட்டும் சிறிய மேடு காதுக்குப் பெரிய மேடு.

இனி குமிழ்கள். கிராஸ்ஓவரை, அதாவது சப்வூஃபருக்கும் மற்ற ஸ்பீக்கர்களுக்கும் ஒலியைப் பிரிக்கும் எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்குங்கள். அதற்குக் கீழே அலை தலையைவிட மிகப் பெரிதாகிவிடுவதால் ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. சப்வூஃபரை நம் வசதிக்கு எங்கு வேண்டுமானாலும் வைக்கும் சுதந்திரம் இதனால்தான் கிடைக்கிறது. ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரே பிரித்து அனுப்புகிறதென்றால் பெட்டியின் பின்னால் இருக்கும் கிராஸ்ஓவர் குமிழை அதன் உச்சத்துக்குத் திருப்பி விலக்கிவிடுங்கள். இரண்டு வடிகட்டி ஒன்றன் மேல் ஒன்றாக உட்கார்ந்தால் நடுவில் ஒரு பள்ளம் விழும்.

அலையின் கட்டத்தை மாற்றும் ஃபேஸ் குமிழைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. 80 ஹெர்ட்ஸ் ஒலியைச் சப்வூஃபரும் முன் ஸ்பீக்கர்களும் சேர்ந்து எழுப்புகின்றன. இரண்டும் ஒத்துத் தள்ளினால் கூடும், முரணாகத் தள்ளினால் கழியும். உச்சத்தைத் தேடுவதைவிட, குமிழைத் திருப்பி ஒலி மிகவும் அடங்கும் புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து 180 பாகை மாற்றுவது துல்லியமானது. உச்சம் மழுங்கலாக இருக்கும், பள்ளம் கூர்மையாக இருக்கும்.

ஒவ்வொரு ஸ்பீக்கரும் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று ரிசீவரில் பதியும் தூர அமைப்பில் ஒரு வேடிக்கை நடக்கும். ரிசீவரின் தானியங்கி அளவீடு மூன்று மீட்டரில் இருக்கும் சப்வூஃபரை ஐந்து மீட்டர் என்று காட்டும். டேப் வைத்து அளந்து அதைத் திருத்திவிடாதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்று ஒலியைச் சில மில்லிநொடி தாமதப்படுத்துகிறது. ஒவ்வொரு மில்லிநொடியும் 34 சென்டிமீட்டருக்குச் சமம். கருவி அந்தத் தாமதத்தையும் சேர்த்துத் தூரமாகச் சொல்கிறது, அது சொல்வதுதான் சரி.

கேபிள் பற்றியும் கேட்கிறார்கள். திசை அம்பு அச்சிட்ட சப்வூஃபர் கேபிள்கள் விற்கின்றன. எதிர்த்திசையில் செருகினால் பேஸ் மெலிந்துவிடும் என்று சத்தியம் செய்பவர்களும் இருக்கிறார்கள். அதில் ஓடுவது மாறுதிசை மின்னோட்டம், நொடிக்குப் பல முறை இங்கும் அங்கும் போவது. 40 ஹெர்ட்ஸ் மின்குறிப்பின் அலைநீளமோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். உறை சரியாகப் போட்ட, இரைச்சலை உள்ளே விடாத சாதாரணக் கேபிள் போதும். சுவரில் ஒட்டும் மெல்லிய நுரைத் தகடுகளும் இதே ரகம்தான். எதிரொலியைக் குறைக்கும், ஆனால் 40 ஹெர்ட்ஸின் கால் அலைநீளம் இரண்டு மீட்டருக்கு மேல். இரண்டு அங்குல நுரையைப் பார்த்து அந்த அலை நிற்கவே நிற்காது.

இந்த நம்பிக்கைகள் ஏன் சாவதில்லை என்றால், எது விலை உயர்ந்தது என்று தெரிந்துகொண்டே கேட்பதால்தான். ஒலியியல் ஆய்வாளர் ஃபிளாய்ட் டூல் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் 1965 முதல் கால் நூற்றாண்டு வேலை பார்த்தார். ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்துக் கேட்பவர்களிடம் மதிப்பெண் வாங்கி, அதை அளவீடுகளோடு ஒப்பிட்டார். அரசுப் பணத்தில் நடந்த வேலை. ஸ்பீக்கர் கேட்பதற்கா பொதுப்பணம் என்று முகம் சுளிக்கத் தோன்றும். என் கருத்து நேர் எதிரானது. விற்பவனுக்கு மட்டும் தெரிந்த அறிவு விளம்பரமாக முடியும். யார் வேண்டுமானாலும் படிக்கக் கூடிய அளவீடு இருந்தால்தான் வாங்குபவன் கேள்வி கேட்க முடியும். இப்படிப்பட்ட சலிப்பூட்டும், பொறுமையான ஆய்வுகளுக்கு எந்த நாட்டிலும் இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்கலாம்.

இரண்டாவது சப்வூஃபர் எதற்கு என்ற கேள்விக்கும் அந்த எண் விளையாட்டே பதில் சொல்லும். முன்சுவரின் நடுவில் ஒன்று, பின்சுவரின் நடுவில் ஒன்று, இரண்டுக்கும் ஒரே மின்குறிப்பு. முதல் நிலை அலைக்கு ஒன்றின் எண் 1, மற்றதன் எண் −1. கூட்டினால் பூச்சியம். ஒன்று அலையை எழுப்பப் பார்க்க, மற்றது அதே அளவுக்கு அமுக்குகிறது. தொட்டியின் இரு முனைகளிலும் ஒரே சமயத்தில் கையை அழுத்தினால் நீர் தளும்ப வழியில்லை அல்லவா? அறையின் எந்த இருக்கையிலும் அந்த 34 ஹெர்ட்ஸ் மேடும் பள்ளமும் இல்லாமல் போகின்றன. 2002இல் ஒலியியல் ஆய்வாளர் டாட் வெல்ட்டி இதைப் பல அமைப்புகளில் ஒப்பிட்டுப் பார்த்து, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு அல்லது நான்கு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்று வைத்தால் இருக்கைக்கு இருக்கை வித்தியாசம் நன்றாகக் குறையும் என்று காட்டினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சத்தம் 6 டெசிபல் கூடும், பள்ளம் இருந்த இடத்தில் பள்ளமாகவே இருக்கும்.

கடைசியாக, ஒவ்வொரு அதிர்வெண்ணையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க உதவும் ஈக்வலைசர். ஒரு அளவீட்டு மைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் இருந்தால் மேடு பள்ளங்களை வரைபடமாகப் பார்க்கலாம். மேடுகளை வெட்டுங்கள். வெட்டினால் அந்த அதிர்வெண் நின்ற பிறகும் முனகிக்கொண்டிருக்கும் வாலும் சேர்ந்தே குறையும். பள்ளத்தை நிரப்பப் போகாதீர்கள். 10 டெசிபல் ஏற்ற ஆம்ப்ளிஃபையர் பத்து மடங்கு திறன் தர வேண்டும். தந்தாலும் நேர் அலை எவ்வளவு வளர்கிறதோ அதைக் கழிக்கும் பிரதிபலிப்பும் அவ்வளவு வளரும். சோபாவை அரை மீட்டர் நகர்த்துவதற்குச் செலவே இல்லை.

அளக்கும்போது அறைக்கதவு எப்படி இருக்கிறது என்றும் கவனியுங்கள். திறந்த கதவு நீண்ட அலைகளுக்கு அறையின் எல்லையையே மாற்றிவிடும். கதவை மூடிப் படம் பார்ப்பவர் மூடியே அளக்க வேண்டும்.