புரியலைன்னா "ரோஜர்" சொல்லாதீங்க, ப்ளீஸ்

போன வாரமும் அதே கதைதான். நான் நடத்தற பைலட்டுகளுக்கான இங்கிலீஷ் டெஸ்ட்டுக்கு வந்தவன் நல்ல பையன், சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) கையில இருக்கு, பேச்சு மடமடன்னு வருது. நான் ஏடிசி (தரையிலேர்ந்து விமானங்களுக்கு வழி சொல்ற கன்ட்ரோலர்) மாதிரி பேசறேன், ரன்வேல பறவைக் கூட்டம், வண்டி அனுப்பி விரட்டிட்டு இருக்காங்க, லேட்டாகும், உங்களால எவ்வளவு நேரம் ஹோல்ட் பண்ண, அதாவது வானத்துலயே சுத்திக் காத்திருக்க, முடியும்னு கேக்கறேன். பதில் என்ன வந்துச்சு தெரியுமா? "ரோஜர்". எவ்வளவு நேரம்னு கேட்டா ரோஜராம்! திரும்பவும் கேட்டேன், "ரோஜர் சார், ஹோல்டிங்"னு இன்னும் தைரியமா வருது.

இவன் ஒருத்தன்னா இதை எழுதியிருக்கவே மாட்டேன். வர்றவங்கள்ல பாதிப் பேர் இப்படித்தான், புரியாத இடத்துல எல்லாம் ஒரு ரோஜர் போட்டுத் தாண்டிடலாம்னு பாக்கறாங்க. நீ சொன்னது முழுசா காதுல விழுந்துச்சு, ரோஜருக்கு அவ்வளவுதான் அர்த்தம். சரின்னும் இல்ல, செய்யறேன்னும் இல்ல, கேள்விக்குப் பதில்னா சுத்தமா இல்ல.

லெவல் 3 போட்டு அனுப்பினா அப்புறம் வீட்லேர்ந்து போன் வரும். "சார், என் பையன் எல்கேஜிலேர்ந்து கான்வென்ட், அவனுக்குப் போய் இங்கிலீஷ்ல எப்படி சார் குறையும்?" எனக்கு பிபி ஏர்ற இடம் இதுதான். சார், இது நீங்க நினைக்கிற இங்கிலீஷ் பரீட்சை இல்ல. இதுல எழுத்தும் கிடையாது, வாசிப்பும் கிடையாது, பேசணும், கேட்டுப் புரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். ஐகேயோ (ஐ.நா.வோட சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு) வச்சிருக்கற அளவுகோல்ல ஆறு விஷயம் பாக்கறோம்: உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், கேட்டுப் புரிஞ்சுக்கறது, எதிர்ல இருக்கறவரோட பேசிச் சமாளிக்கறது. ஒவ்வொண்ணுக்கும் 1 முதல் 6 வரைக்கும் லெவல். இங்க ஆவரேஜ் எடுக்கற பழக்கமே இல்ல, ஆறுல எது கம்மியோ அதுதான் உங்க லெவல். அஞ்சுல 6 வாங்கி ஒண்ணுல 3 வாங்கினா நீங்க லெவல் 3. சர்வதேச விமானம் ஓட்ட 4 வேணும். உங்க கான்வென்ட் பையன் கோட்டை விட்டது கடைசி ரெண்டுல.

ஆக்சன்ட் பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா நெட்ல வீடியோ பாத்துட்டு அமெரிக்கன் மாதிரி நாக்கைச் சுழட்டிட்டு வர்ற கூட்டம் ஒண்ணு இருக்கு. லெவல் 4-ல தாய்மொழி வாடை தாராளமா இருக்கலாம், எதிர்ல இருக்கறவருக்கு எப்பவாவது கொஞ்சம் சிரமமா இருந்தாக்கூட பரவாயில்லைன்னு அளவுகோலே சொல்லுது. கிராமர் தப்பும் வரலாம், சொல்ல வந்தது குழம்பாம இருந்தாச் சரி. மதுரை இங்கிலீஷ் பேசுங்க, நாகர்கோவில் இங்கிலீஷ் பேசுங்க, நான் ஒரு மார்க் குறைக்க மாட்டேன். இங்கிலீஷே தாய்மொழியா இருக்கறவங்க கொச்சையில பொரிஞ்சு தள்ளினா அடுத்த நாட்டுக்காரருக்கு ஒண்ணும் விளங்காது, அவங்களும் நிதானமா, மரபுத்தொடர் கலக்காம பேசணும்னுதான் ஐகேயோவே சொல்லுது.

இதெல்லாம் ஏன் வந்துச்சு? 1990 ஜனவரி 25, நியூயார்க் கென்னடி ஏர்போர்ட். கொலம்பியாலேர்ந்து வந்த அவியான்கா 52, போயிங் 707, மோசமான வானிலையால ஒரு மணி நேரத்துக்கு மேல ஹோல்டிங்லயே சுத்த வச்சிருந்தாங்க. எரிபொருள் தீருது. கேப்டன் எமர்ஜென்சின்னு சொல்லச் சொல்றார், ரேடியோல பேசின கோ-பைலட் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்ல, இன்னொரு தடவை ட்ரை பண்றோம், எரிபொருள் தீந்துட்டு வருதுன்னு ஒரு வாக்கியத்தோட வால்ல ஒட்டிச் சொல்றார். கேப்டன் கேட்டா, சொல்லிட்டேன்னு பதில். உங்க எரிபொருளுக்கு இது ஓகேவான்னு கன்ட்ரோலர் நேரடியாவே கேக்கறார். அதுக்கு "ஐ கெஸ் ஸோ, தேங்க்யூ வெரி மச்". படிக்கறப்ப எல்லாம் எனக்கு வயித்தைப் பிசையும். லாங் ஐலண்ட்ல விழுந்துச்சு, 158 பேர்ல 73 பேர் போயிட்டாங்க. அந்த கோ-பைலட்டுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு சொல்ல முடியுமா? மரியாதையா, இலக்கணமாத்தான் பேசினார். "மேடே"ங்கற ஆபத்து அழைப்பு மட்டும் வரல.

நம்ம ஊர் கணக்கும் இருக்கு. 1996 நவம்பர் 12, டெல்லி பக்கத்துல சர்க்கி தாத்ரி. மேல ஏறிட்டிருந்த சவூதியா 747-க்கு ஏடிசி குடுத்த உயரம் 14,000 அடி, இறங்கிட்டிருந்த கஜகஸ்தான் இல்யூஷின்-76-க்கு 15,000 அடி. இல்யூஷின் தன்னோட உயரத்துல நிக்காம கீழ இறங்கிடுச்சு, ரெண்டும் வானத்துலயே மோதி 349 பேர் போயிட்டாங்க. இல்யூஷின்ல ஏடிசியோட பேசினது தனியா ஒரு ரேடியோ ஆபரேட்டர். கன்ட்ரோலர் எதிர்ல விமானம் வருதுன்னு சொன்னது இங்கிலீஷ்ல, அது ஓட்டறவங்க கைக்குப் போய்ச் சேரணும்னா நடுவுல அவர் ஒருத்தர். 1998-ல ஐகேயோ பேரவை தீர்மானம் போட்டு, 2003-ல விதியாகி, 2008 மார்ச்லேர்ந்து அமலுக்கு வந்துச்சு இந்த டெஸ்ட்.

இப்ப கோச்சிங் சென்டர்காரங்க கிட்ட வர்றேன். ஃப்ரேசியாலஜி, அதாவது ரேடியோல பேசறதுக்குன்னு இருக்கற ரெடிமேட் வாக்கியங்கள், மொத்தமும் நெட்டுரு போட வச்சு அனுப்பறீங்க, சந்தோஷம், ஆனா இந்த டெஸ்ட் ஆரம்பிக்கறதே ஃப்ரேசியாலஜி முடியற இடத்துலதான். பயணிக்கு நெஞ்சுவலி, கேபின்ல கருகல் வாடை, லேண்டிங் கியர்ல ஏதோ சத்தம், இதுக்கெல்லாம் ரெடிமேட் வாக்கியம் எந்தப் புத்தகத்துலயும் இல்ல. படம் காட்டினா "இன் திஸ் பிக்சர் ஐ கேன் சீ"ன்னு ஒரே மாதிரி ஒப்பிக்கறாங்க. இன்ஜின் பத்தி எரியற படம், பையன் வானம் நீலமா இருக்குன்னு ஆரம்பிக்கறான்!

சரி, என்ன பண்ணணும். காதுல விழலைன்னா "சே அகெய்ன்". பாதிதான் விழுந்துச்சுன்னா எதுக்கு அப்புறம் விழலைன்னு சொல்லிக் கேளுங்க. நம்பர்ல சந்தேகம்னா "கன்ஃபர்ம்" போட்டு, கேட்ட நம்பரைத் திருப்பிச் சொல்லுங்க. 1989-ல கோலாலம்பூர் பக்கத்துல ஃப்ளையிங் டைகர் 66-ங்கற சரக்கு விமானம் மலையில மோதினது இதுலதான், 2,400 அடிக்கு இறங்கச் சொன்னதுல ரெண்டுங்கற "டூ"வை (two) "வரைக்கும்"ங்கற "டூ"ன்னு (to) எடுத்துக்கிட்டு 400-ன்னு நினைச்சுட்டாங்க, 4 பேர் இறந்தாங்க. வார்த்தை தெரியலைன்னா சுத்தி வளைச்சுச் சொல்லுங்க, ஹைட்ராலிக்னு வாயில வரலைன்னா பிரேக்குக்குப் போற ஆயில் லீக்காகுதுன்னு சொல்லுங்க, நான் சந்தோஷமா மார்க் போடுவேன். லெவல் 4-லயே சந்தேகம் கேக்கறது ஒரு திறமைன்னுதான் எழுதியிருக்கு, அதுக்கு மார்க் குறையாதுங்க, கேக்காம விட்டாத்தான் குறையும். அப்புறம் தலையாட்டறது, "ம்" கொட்டறது ரெண்டையும் வீட்லயே வச்சுட்டு வாங்க. ரேடியோல உங்க தலை தெரியாது.

கன்ட்ரோலர் நண்பர்களே, உங்களையும் விட மாட்டேன். நிமிஷத்துக்கு 100 வார்த்தைக்கு மேல போகாதீங்கன்னு விதி இருக்கு, பீக் அவர்ல நீங்க போற வேகம் எல்லாருக்கும் தெரியும். ஹெடிங் (போக வேண்டிய திசை), உயரம், ஸ்பீடு, ஃப்ரீக்வென்சி நாலையும் ஒரே மூச்சுல கொட்டிட்டு, பைலட் திருப்பிச் சொல்ற ரீட்பேக் தப்புன்னு சலிச்சுக்கறது என்ன நியாயம்? தெரிஞ்ச பைலட்னு ஹிந்தியிலயோ தமிழ்லயோ தாவாதீங்க. 1976-ல ஜாக்ரெப் மேல ரெண்டு விமானம் மோதி 176 பேர் போனப்ப, கன்ட்ரோலர் கடைசி நேரத்துல ஒரு விமானத்தோட அவங்க தாய்மொழியிலதான் பேசிட்டிருந்தார், எதிர்ல வந்த பிரிட்டிஷ் விமானத்துக்கு அது புரிய வழியே இல்ல.

லெவல் 4 வாங்கினவங்க மூணு வருஷத்துல திரும்ப வரணும், 5-க்கு ஆறு வருஷம், 6-க்குத்தான் ஆயுசு. எக்ஸ்பைரி ஆகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி போன் பண்ணி ஸ்லாட் கேக்காதீங்க, கையில இருக்கறதே உங்க ரோஸ்டர்தானே.

சீனியர் கேப்டன்களுக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்து சீட்ல இருக்கற சின்னப் பையனோ பொண்ணோ "சே அகெய்ன்"னு கேட்டா முறைக்காதீங்க சார். அந்த முறைப்புக்குப் பயந்துதான் என்கிட்ட வந்து ரோஜர் ரோஜர்னு உக்காந்திருக்காங்க.