'யங் அடல்ட்' என்று போட்டிருந்தால் போதுமா?

பள்ளி நூலகத்தில் வேலை செய்வதால் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "எப்பப் பார்த்தாலும் மந்திரம், டிராகன், வேற்றுக்கிரகம்னு படிக்கிறானே, இதெல்லாம் நல்லதா?" தாராளமாகப் படிக்கட்டும் என்றுதான் சொல்வேன். அவர்கள் கேட்க வேண்டிய வேறொரு கேள்வி இருக்கிறது, அதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. பிள்ளை கையில் இருக்கும் அந்தப் புத்தகம் எந்த வயதுக்காரர்களை நினைத்து எழுதப்பட்டது?

அட்டையில் 'யங் அடல்ட்', அதாவது இளையோருக்கானது, என்று போட்டிருப்பதைப் பார்த்ததுமே பலருக்கு நிம்மதி வந்துவிடுகிறது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளையோர் பிரிவு 12 முதல் 18 வயது வரை உள்ளவர்களை இந்த வகைக்குள் வைக்கிறது. இப்போதுதான் குழந்தைப் பருவத்தைத் தாண்டிய பிள்ளையும் ஓட்டுப் போடும் வயதை எட்டிய பிள்ளையும் ஒரே அலமாரியில்தான் தேட வேண்டும்.

மொழி எளிமையாக இருந்தால் கதையும் லேசாக இருக்கும் என்று நம்புவதுதான் பெரிய சிக்கல். லோயிஸ் லௌரி 1993-ல் எழுதிய 'தி கிவர்' நாவலின் நாயகனுக்கு 12 வயது. வாக்கியங்கள் சின்னச் சின்னவை. சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி விருதையும் 1994-ல் வாங்கியது. ஆனால் தன் அப்பா ஒரு பச்சிளம் குழந்தைக்கு ஊசி போட்டு, அன்றாட வேலையைப் போல அதன் உயிரை எடுப்பதை அந்தப் பையன் பார்க்கும் இடம் அதில் வருகிறது. நான் மதிக்கும் புத்தகம் அது, பிள்ளைகளுக்குத் தயங்காமல் கொடுக்கிறேன். கொடுக்கும்போதே, "நடுவில் மனசு கஷ்டமா இருந்தா வந்து பேசு" என்று சொல்லித்தான் அனுப்புவேன். வருகிறார்கள். அப்படி வந்து பேசியவர்கள்தான் பிறகு மற்ற பிள்ளைகளுக்கும் அதைப் பரிந்துரைக்கிறார்கள்.

தொடர் நாவல்களில் இன்னொரு விஷயம். ஹாரி பாட்டர் முதல் பாகம் 1997-ல் வந்தபோது நாயகனுக்கு 11 வயது. 2007-ல் கடைசிப் பாகம் வந்தபோது கதையில் அவனுக்கு 17. அன்று படிக்கத் தொடங்கியவர்கள் ஒவ்வொரு பாகத்துக்கும் காத்திருந்து, கதையோடு சேர்ந்தே வளர்ந்தார்கள். இன்று ஒன்பது வயதுப் பிள்ளை ஏழு பாகங்களையும் ஒரே விடுமுறையில் முடித்துவிட முடியும். நான்காம் பாகத்தின் முடிவில் நாயகனின் கண் முன்னாலேயே சக மாணவன் ஒருவன் கொல்லப்படுகிறான், அதற்குப் பிறகு கதை இருண்டுகொண்டே போகிறது. முதல் பாகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு முழுத் தொகுப்பையும் வாங்கிக் கொடுப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. தொடர் என்றால் கடைசிப் பாகத்தின் பின்னட்டையையும் படித்துப் பாருங்கள்.

அண்மைக் காலத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது வேறு வகை. காதலும் மாயமும் கலந்த, 'ரொமான்டஸி' என்று அழைக்கப்படும் நாவல்கள். இவற்றில் பல, பெரியவர்களுக்காகவே எழுதப்பட்டவை, பாலுறவுக் காட்சிகள் விரிவாகவே இருக்கும். அட்டையிலோ டிராகன், வாள், பூங்கொடி என்று இளையோர் நாவலின் அதே தோற்றம். குறுங்காணொளிகளில் யாரோ சிலாகிப்பதைப் பார்த்துவிட்டு 13 வயதுப் பிள்ளை வந்து கேட்கும். பதிப்பாளர்களே சில சமயம் எல்லைக் கோட்டை மாற்றுகிறார்கள். சாரா ஜே. மாஸின் ஒரு பிரபலமான தொடர் 2015-ல் இளையோருக்கானதாக வெளிவந்து, 2020-ல் புது அட்டையோடு பெரியவர்கள் பிரிவுக்குப் போனது. பழைய அட்டையோடு உள்ள பிரதிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

எப்படிக் கண்டுபிடிப்பது? பதிப்புரிமைப் பக்கத்தில் பதிப்பகத்தின் சிறுவர் பிரிவு வெளியிட்டதா, பொதுப் பிரிவு வெளியிட்டதா என்று பாருங்கள். நாயகிக்கு 19, 20 வயது என்றால் இன்னும் கொஞ்சம் விசாரியுங்கள். முதல் அத்தியாயத்தை விட்டுவிட்டு நடுவிலிருந்து இருபது பக்கம் படியுங்கள். வன்முறை இருக்கிறதா என்பதைவிட, அது எப்படிச் சொல்லப்படுகிறது என்று பார்ப்பேன். செத்தவனுக்காக யாராவது அழுகிறார்களா, அந்த இழப்பு அடுத்த அத்தியாயத்திலும் நினைவில் இருக்கிறதா என்பது எனக்கு முக்கியம்.

தயவுசெய்து கையிலிருந்து பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அதே கதை நள்ளிரவில் போர்வைக்குள் போனில் ஓடும், அதைப் பற்றிப் பேச ஆளும் இருக்காது. இந்தக் கதைகள் பிள்ளைகளுக்குச் செய்யும் நன்மையும் சின்னதில்லை. உர்சுலா லெ குவின் 1968-ல் எழுதிய நாவலில் ஒரு மந்திரவாதிப் பையன் தானே கட்டவிழ்த்துவிட்ட நிழலுக்குப் பயந்து ஓடுகிறான். கடைசியில் திரும்பி நின்று அதைத் துரத்திப் போய், தன் பெயரையே அதற்குச் சொல்லி அழைக்கிறான். தன் பயத்தை யாரிடமும் சொல்லாத ஒரு மாணவி, "எனக்கும் அந்த மாதிரி ஒரு நிழல் இருக்கு" என்று என்னிடம் பேசத் தொடங்கியது அந்தக் கதையால்தான். நேரடியாகக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தை வந்திருக்காது.

அப்புறம், பிள்ளைகளுக்கு ஓர் அனுமதி வேண்டும்: பிடிக்காத இடத்தில் மூடி வைக்கலாம். ஆரம்பித்த புத்தகத்தை முடித்தே ஆக வேண்டும் என்று நாம்தான் பழக்கியிருக்கிறோம். அதனால் தூக்கம் கெட்டாலும் சொல்லாமல் படித்து முடிக்கிறார்கள். "எந்த இடத்தைத் தாண்டிப் போன?" என்று இயல்பாகக் கேட்டுப் பாருங்கள். 16, 17 வயதுப் பிள்ளைகளிடம் அந்தக் கேள்விகூட வேண்டாம், அவர்கள் படித்த புத்தகத்தை வாங்கி நீங்களும் படியுங்கள், பேச்சு தானாக வரும்.