ஒரு சொட்டு இரத்தமும் வராத காயம்

லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரம் வரம்பில் சரிந்து ஒருவரின் கால் அகப்படுகிறது, முழங்கால் விலகிவிட்டது, ஆனால் தோல் கிழியவில்லை. "இரத்தம் ஒண்டும் வரேல்லையே, எண்ணெய் போட்டு நீவி விடுவம்" என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். வன்னியில் எனக்குப் பயம் அந்தப் பேச்சுத்தான்.

முழங்காலுக்குப் பின்னால் ஓடும் நாடி, அதாவது காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய், மேலும் கீழும் இறுக்கிப் பிடிக்கப்பட்டது, விலகி ஓட இடமில்லை. எலும்பு நகரும்போது அது இழுபட்டு உள்சுவர் மட்டும் கிழியலாம். கிழிந்த துண்டு மடிந்து, குளத்துத் துருசில் பலகை விழுந்த மாதிரி வழியை மறிக்கும். அதன்மேல் இரத்தம் உறையும். வெளியில் ஒன்றும் தெரியாது, பாதம் மட்டும் வெளிறிக் குளிர்ந்துகொண்டு போகும்.

கத்தி வெட்டிலும் ஒரு விசித்திரம் உண்டு. முழுதாக அறுந்த நாடி சுருங்கி உள்ளே இழுத்துக்கொள்ளும், பாதி வெட்டுப்பட்டதுதான் சுருங்க வழியில்லாமல் பீய்ச்சியடிக்கும்.

சரி, எவ்வளவு நேரம் இருக்கிறது? ஏறக்குறைய 6 மணித்தியாலம். அதற்குப் பிறகு தசையும் நரம்பும் சாகத் தொடங்கும். இந்தக் கணக்கு ஆஸ்பத்திரி வாசலில் இல்லை, வயலிலேயே தொடங்கிவிடுகிறது.

இரண்டாம் உலகப்போரில் பெரும்பாலும் அடிபட்ட நாடியைத் தைக்காமல் கட்டிவிடுவார்கள். அப்படிக் கட்டப்பட்ட அமெரிக்கப் படையினரில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் அந்தக் காலையோ கையையோ இழந்தார்கள். கொரியப் போரில் தைக்கத் தொடங்கியதும் அது 13 வீதமளவுக்கு இறங்கியது.

சத்திரசிகிச்சையில் முதலில் நுனியில் பலூன் உள்ள மெல்லிய குழாயை விட்டு உறைந்த இரத்தத்தை இழுத்தெடுப்பார்கள். சிதைந்த பகுதியை வெட்டிவிட்டு, நல்ல காலின் தோலுக்கடியிலிருந்து ஒரு நாளத்தை (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயை) எடுத்து ஒட்டுப் போடுவார்கள். அதைத் தலைகீழாகத் திருப்பித்தான் தைக்க வேண்டும், ஏனென்றால் நாளத்துக்குள் ஒருவழி வால்வுகள் இருக்கின்றன, நேராக வைத்தால் இரத்தம் இறங்காது. காயப்பட்ட காலிலிருந்து எடுக்காததற்கும் காரணம் உண்டு: அங்கே ஆழத்து நாளமும் சேதப்பட்டிருந்தால் இரத்தம் இதயத்துக்குத் திரும்ப மிஞ்சியிருக்கும் வழி தோலுக்கடியில் உள்ள அந்த நாளந்தான்.

அப்புறம் இரத்தம் பாய்ந்ததும் தசை வீங்கும். தசையைச் சுற்றிய உறை விரிந்து கொடுக்காது, உள்ளேயே நெரித்துவிடும். அதனால் கெண்டைக்காலை இரண்டு பக்கமும் நீளமாகக் கீறிச் சில நாள் திறந்தே விடுவார்கள். பார்க்கிற சொந்தக்காரர் பதறுவார்கள், "காலை வெட்டிப்போட்டினம்" என்று. காலை வெட்டாமல் வைத்திருக்கத்தான் அந்தக் கீறல். நரம்பும் அடிபட்டிருந்தால் கால் தப்பினாலும் பாதம் தொங்கலாம்.

ஆகவே 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சுக்கு அடிக்கும்போது முழங்கால் விலகியதை மட்டும் சொல்லாமல், இரண்டு பாதத்தையும் தொட்டுப் பார்த்து, ஒன்று குளிர்ந்திருந்தால் அதையும் எத்தனை மணிக்கு அடிபட்டதென்பதையும் சொல்லுங்கள்.