பாட்டியின் பட்டில் கத்தரிக்கோல் வைக்கும் முன்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் தையலகத்துக்கு வரும் மணப்பெண்களில் பலர் இப்போது கேட்பது இதைத்தான்: "அக்கா, பாட்டியோட கல்யாணப் பட்டு இருக்கு. ரிசப்ஷனுக்கு அதை அந்தக் காலத்து கவுன் மாதிரி தைச்சுத் தர முடியுமா?" கைபேசியில் ஒரு படமும் தயாராக இருக்கும். பெரும்பாலும் 1930களின் பாணி. உடலோடு ஒட்டி வழிந்து இறங்கும் சாட்டின் கவுன்.

அந்தப் பாணிக்குக் காஞ்சிப் பட்டு ஒத்துவராது. பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் மேடலின் வியோனே புகழ்பெறச் செய்த வெட்டு அது. துணியை 45 டிகிரி கோணத்தில் குறுக்காக வெட்டுவார்கள். அப்போதுதான் அது இழுபட்டு உடம்பின் வளைவோடு போகும். கிரேப், சாட்டின் போன்ற துவளும் துணிகள் இதற்குப் பொருந்தும். கனமான காஞ்சிப் பட்டு விறைத்து நிற்கும், பார்டரும் கோணலாகிவிடும். அதையே 1947இல் கிறிஸ்டியன் டியோர் அறிமுகப்படுத்திய பாணியில், இடுப்பைச் சிக்கெனப் பிடித்துக் கீழே சுருக்கு வைத்து விரியும் பாவாடையாகத் தைத்துப் பாருங்கள். அந்த விறைப்பே அழகாகிவிடும். பார்டரும் கீழ்விளிம்பில் நேராக ஓடும்.

ஆனால் பாணியைப் பேசும் முன்னால் துணியைப் பார்க்க வேண்டும். பல வருடம் ஒரே மடிப்பில் பீரோவில் கிடந்த பட்டு, அந்த மடிப்பிலேயே இற்றுப்போயிருக்கும். மேலுக்குப் பளபளவென்றுதான் இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மடிப்பு நெடுக ஊசிமுனை ஓட்டைகள் தெரியும். கட்டைவிரல்களால் லேசாக இழுத்தாலே 'சர்'ரென்று பிரிந்துவிடும். அந்த இடம் அக்குளிலோ முதுகுத் தையலிலோ வந்தால், மாலை போடக் கையைத் தூக்கும்போதே கிழியலாம். எவ்வளவு நல்ல தையலும் இற்ற நூலைக் காப்பாற்றாது. அதனால் நல்ல பகுதியை மட்டும் எடுத்து, அடியில் மெல்லிய பருத்தித் துணியை முழுக்க வைத்துத் தைக்கிறோம். இழுவையை அது வாங்கிக்கொள்ளும். ரொம்பவே நைந்த புடவை என்றால் பார்டரையும் முந்தானையையும் மட்டும் எடுத்துப் புதுப் பட்டில் பதிப்பதுதான் சரி. அதுவும் பாட்டியின் புடவைதானே.

அப்புறம் சரிகை. அசல் சரிகையில் பட்டு நூலின்மேல் வெள்ளி இழை சுற்றித் தங்க முலாம் பூசியிருப்பார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் வெள்ளி சீக்கிரம் கறுக்கும். அதைப் போக்க எலுமிச்சை, புளி, வெள்ளிப் பாத்திரம் துலக்கும் பாலிஷ் எதையும் தொடாதீர்கள். முலாம் போவதோடு பட்டிலும் கறை ஏறும். சென்ட்டைச் சரிகைமேல் அடிக்க வேண்டாம். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். துவைத்துக் காயவைத்த பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள்; சில மாதங்களுக்கு ஒருமுறை பிரித்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றுங்கள். பாச்சை உருண்டை துணிமேல் நேராகப் படக்கூடாது.

இன்னொன்று, அம்மாவிடம் மட்டும் கேட்டால் போதாது. அந்தப் புடவையில் பெரியம்மாவுக்கும் சித்திக்கும் கூட நினைவுகள் இருக்கும். எல்லோரும் சம்மதித்த பிறகு கொண்டுவாருங்கள்.

யாரிடம் தைக்கக் கொடுத்தாலும், முதலில் காடாத் துணியில் ஒரு மாதிரி தைத்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அளவு, கழுத்து, கை எல்லாவற்றையும் அதிலேயே திருத்திக்கொள்ளலாம். "அதெல்லாம் தேவையில்லை, நேராகவே வெட்டிவிடலாம்" என்று சொன்னால், புடவையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.