மென்டல் ஸ்கில்ஸ்: மனத்திறனா, மனப்பயிற்சியா?

விளையாட்டு வீரர்களுக்கான பயிற்சி அறிவிப்புகளில் 'மென்டல் ஸ்கில்ஸ்' என்ற சொல் இப்போது அடிக்கடி தலைகாட்டுகிறது. ஆட்டத்தின்போது மனத்தை நிதானமாக வைத்துக்கொள்ளப் பழகும் திறன்களுக்கு அந்தப் பெயர். ஆங்கிலத்தில் அதில் ஒரு வம்பும் இல்லை. மன்னார்குடிப் பக்கம் கபடி ஆடும் பையன் ஒருவன் 'மென்டல் கோச்சைப் பாக்கப் போறேன்' என்று சொல்லிப் பார்க்கட்டும், 'எங்கடா, குணசீலத்துக்கா?' என்று கேட்க நாலு பேர் தயாராக இருப்பார்கள். திருச்சியை அடுத்துக் காவிரிக் கரையில் இருக்கும் குணசீலம் பெருமாள் கோயிலில், மனநலம் பாதித்தவர்களை 48 நாள் தங்கவைத்து வேண்டிக்கொள்வது நெடுநாள் வழக்கம். சென்னைக்காரர்களின் கேலிக்குக் கீழ்ப்பாக்கம், நமக்குக் குணசீலம்.

சொல்லின் பிறப்பில் இந்தக் கேலி கிடையாது. லத்தீனில் 'மென்ஸ்' என்றால் மனம். அதன் வழி வந்ததுதான் மென்டல். சமஸ்கிருத 'மனஸ்' இதற்கு ஒன்றுவிட்ட உறவு என்பது மொழியியலார் முடிவு. நம் 'மனம்' அந்த மனஸிலிருந்து வந்தது என்பார்கள். தமிழ் வேரே என்று வாதிடுவோரும் உண்டு. பைத்தியம் என்ற பொருள் 'மென்டல் ஹாஸ்பிட்டல்' போன்ற பெயர்களிலிருந்து பின்னால் ஒட்டிக்கொண்டது. 'ஸ்கில்' பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே அதற்குப் பிரித்தறிதல் என்று பொருள்.

சரி, இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? துறையின் பெயரில் சிக்கல் இல்லை. விளையாட்டு உளவியல் என்பது நன்றாகவே நிலைத்துவிட்டது. உள் என்பதிலிருந்து உள்ளம். உள்ளுதல் என்றால் நினைத்தல், திருக்குறளிலேயே அந்தப் பொருளில் வரும். துறைக்கு வயது நூற்றுக்கு மேல். தனியாக ஓட்டுவதைவிடக் கூட்டாளியோடு ஓட்டும்போது சைக்கிள்காரர்களின் வேகம் கூடுவதை நார்மன் டிரிப்லெட் 1898இல் ஆராய்ந்து எழுதினார். 1925இல் கோல்மன் கிரிஃபித் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதற்கென ஆய்வுக்கூடம் அமைத்தார்.

அடுத்து 'ஸ்கில்ஸ்'. திறமை என்று சொன்னால் பிறவியிலேயே வந்தது என்ற தொனி வந்துவிடுகிறது. 'அவனுக்குத் தில்லு இல்லப்பா' என்று ஒருவனை ஓரங்கட்டுவதும் அதே நினைப்பில்தான். திறன் என்றால் பழகிப் பெறுவது. ஆகவே மனத்திறன் சரியான மொழிபெயர்ப்பே. ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் உதவித்தொகைத் தேர்வில் 'மனத்திறன் தேர்வு' என்று ஒரு தாள் இருக்கிறது, அது வேறு சமாச்சாரம். அதனால் என் ஓட்டு மனப்பயிற்சிக்கு. உடற்பயிற்சிக்குப் பக்கத்தில் இயல்பாக உட்காருகிறது, யாரும் சிரிக்க மாட்டார்கள். திறன்களைத் தனித்தனியாகப் பேசும்போது மனத்திறன் இருக்கட்டும்.

சரி, அந்தத் திறன்கள் என்ன? புரோ கபடி விதிப்படி, தொடர்ந்து இரண்டு ரைடு ('கபடி கபடி' என்று பாடிக்கொண்டே எதிரணிப் பக்கம் போவது) வெறுமனே போனால் மூன்றாவது வாழ்வா சாவா ரைடு. 30 விநாடிக்குள் புள்ளி எடுக்காவிட்டால் போனவன் அவுட். அப்போது சிலருக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. பழகியவன் நடுக்கோட்டில் குனிந்து தரையைத் தொடுகிறான், உள்ளங்கையைத் தொடையில் தேய்க்கிறான், ஒரு மூச்சு இழுத்து மெல்ல விடுகிறான், மூலையில் நிற்பவனின் காலைப் பார்த்துக்கொண்டே பாட ஆரம்பிக்கிறான். எப்போதும் அதே வரிசை. உளவியலாளர்கள் இதை ஆட்டத்துக்கு முந்தைய வழக்கம் என்பார்கள். ராசியான பனியனும் இதுவும் ஒன்றல்ல. பனியன் துவைக்கப் போய்விட்டால் ஆள் காலி. வழக்கம் அவன் கையிலேயே இருக்கிறது, கவனத்தையும் அடுத்த வேலைக்குத் திருப்புகிறது.

கண்ணை மூடி ரைடை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது மனக்காட்சி. 'இதுவும் போச்சு' என்பதை மாற்றி 'காலைப் பார்' என்று தனக்கே சொல்லிக்கொள்வது தன்பேச்சு. (வாய்விட்டுச் சொன்னால் அதற்கும் குணசீலம்தான்.) எதற்கும் கலங்காமல் நிற்பதற்கு 'மென்டல் டஃப்னெஸ்' என்று புதிதாகத் தேட வேண்டாம், மனத்திட்பம் என்ற சொல் குறளின் வினைத்திட்பம் அதிகாரத்திலேயே இருக்கிறது.

2011 உலகக் கோப்பையை வென்ற இந்திய கிரிக்கெட் அணியோடு மனப்பயிற்சியாளராக இருந்த பேடி அப்டன், 2024இல் குகேஷுக்கும் உதவினார். சிங்கப்பூரில் முதல் ஆட்டத்தையே இழந்த குகேஷ், 18 வயதில் உலக சதுரங்கப் பட்டத்தோடு திரும்பினார்.

மனநலம் என்ற சொல்லை மட்டும் இதோடு குழப்பக் கூடாது. காயத்துக்குப் பிறகு வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, மைதானப் பக்கமே போகப் பிடிக்கவில்லை என்றால் அது மனப்பயிற்சியாளர் பார்க்க வேண்டியதல்ல, மருத்துவர் பார்க்க வேண்டியது. அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஃபோனில் பேச 14416, கட்டணம் கிடையாது. அந்தச் சேவைக்கு டெலி மானஸ் என்று பெயர்.